பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் ரிவிஷன்: டெல்டாப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் சார் என்பார்கள், பாதிப் பேர் அண்ணா என்பார்கள், கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தை பிறந்தால் போன் ஓயாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களை நினைத்து எழுதியது இது.

ரிவிஷனை எப்போது ஆரம்பிப்பது அண்ணா?

அரையாண்டுப் பேப்பர் திருத்தி கைக்கு வருகிற அன்றைக்கு. நம் பக்கத்துக் காலண்டர் உனக்கே தெரியும்: ஐப்பசி, கார்த்திகையில் மழை லீவு விட்டு விட்டுப் பாடம் பாதியில் நிற்கும், மார்கழியில் அரையாண்டு, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பொங்கல், பொங்கலோடு சம்பா அறுப்பு, நடுவே திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, உடனே பொதுத்தேர்வு. "லீவில் உட்கார்ந்து படித்துவிடுவேன்" என்று சொல்கிற அந்த லீவு டெல்டாவில் வரவே வராது.

பேப்பர் வந்ததும் மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதே. போன மார்க் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து போடு: தெரியாமல் போனதற்கு 'தெ', படித்து மறந்ததற்கு 'ம', தெரிந்தே தப்பாக எழுதியதற்கு 'த'. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. 'தெ'வுக்கு யாரிடமாவது உட்கார்ந்து புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதை ரிவிஷன் என்று சொல்வதே தப்பு. 'த'வுக்கு எழுதிப் பழக வேண்டும். ரிவிஷன் உண்மையில் 'ம'வுக்கு மட்டும்தான். இதைப் பிரிக்காமல் முதல் பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் எல்லோரும் நிலைமின்னியலில் புலியாக இருப்பார்கள், அணுக்கரு இயற்பியலை எட்டியே பார்த்திருக்க மாட்டார்கள்.

நாலு தடவை படித்துவிட்டேன், ஹாலில் உட்கார்ந்தால் மறந்துபோகிறது. என்ன செய்ய?

ஐந்தாவது தடவை படிக்காதே.

விளையாட்டாகச் சொல்லவில்லை. படித்ததையே படிக்கும்போது வரிகள் பழகிப்போகும், பழகிய வரியைப் பார்த்ததும் "ஆமாம், இது தெரியும்" என்று மனசு சொல்லும். தெருவில் தினம் பார்க்கிற ஆளின் முகம் தெரியும், பேர் கேட்டால் தெரியாது. அந்தக் கதைதான் இது. தேர்வில் முகத்தைக் காட்டிப் பேர் கேட்பதில்லை, பேரைச் சொல்லி முகத்தை வரையச் சொல்கிறார்கள்.

மறப்பதைப் பற்றி எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே எழுதிவிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று தன்னையே சோதித்தார். முதலில் மளமளவென்று மறக்கிறது, அப்புறம் மெதுவாகிறது. அப்புறம் 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு பேர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்திலா?

எனக்கு இதை ஆராய்ச்சி சொல்லித்தரவில்லை, கஜா சொல்லித்தந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது, தென்னை, கம்பம் எல்லாம் சாய்ந்தன, எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புத்தகத்தைப் பார்க்கவே முடியாது. பிள்ளைகள் பொழுது போகாமல் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள், இருட்டில் வேறு என்ன செய்வது, ஒருவருக்கொருவர் கேள்வி கேட்க ஆரம்பித்தோம். "லென்ஸ் விதி சொல்லு." "பாரடே ரெண்டாவது விதி?" "கன்னிசரோ வினைக்கு என்ன கரைசல்?" தெரியாததை மனசில் வைத்துக்கொண்டு மறுநாள் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த பேட்ச் பிள்ளைகள் தேர்வில் திணறியதாக எனக்கு ஞாபகமே இல்லை. அதற்குப் பிறகு கரண்ட் இருந்தாலும் வாரத்தில் ஒருநாள் விளக்கை அணைத்துவிடுகிறேன், பெற்றோர்கள் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

செய்யும் விதம் சுலபம். ஒரு தலைப்பை இருபது நிமிடம் படி. மூடு. ரஃப் நோட்டில் ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுது, படம் உட்பட. திற. விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேர். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் மூடிவைத்துக் கேட்டுக்கொள், மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. முதல் தடவை பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருக்கும், பயந்துபோய் பழையபடி படிக்கப் போய்விடாதே.

டெரிவேஷனை எல்லாம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வரி வரியாக வேண்டாம். எந்த டெரிவேஷனை எடுத்தாலும் ஒரு படம், தொடங்குகிற விதி ஒன்று, நடுவில் ஒரே ஒரு திருப்பம், கடைசிச் சமன்பாடு, இவ்வளவுதான் இருக்கும். மீதி எல்லாம் கூட்டல் கழித்தல். திருப்பம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும்.

முடிவிலா நீளமுள்ள மின்னூட்டக் கம்பிக்கு மின்புலம் கேட்கிறார்கள். காஸ் விதியில் தொடங்குகிறோம். திருப்பம் என்ன? கம்பியைச் சுற்றி உருளையைக் கற்பனை செய்வதும், அதன் மேல்மூடி, கீழ்மூடி வழியாக மின்பாயம் சுழி என்பதும். ஏன் சுழி? அங்கே மின்புலமும் பரப்பு வெக்டரும் செங்குத்து. இது தெரிந்தால் மீதி தானாக வரும். லென்ஸ் உருவாக்குபவர் சமன்பாட்டில் திருப்பம், முதல் பரப்பு உண்டாக்கும் பிம்பம் இரண்டாவது பரப்புக்குப் பொருளாகிறது என்பது. வீட்ஸ்டோன் சுற்றில் கால்வனோமீட்டர் வழியாக மின்னோட்டம் இல்லை என்று வைப்பது. இப்படி ஒவ்வொரு டெரிவேஷனுக்கும் திருப்பத்தை மட்டும் ஒரே வரியில் எழுதி ஒரு நோட்டு போடு. மொத்த இயற்பியலுக்கும் நாலைந்து பக்கம்தான் வரும், தேர்வுக்கு முதல்நாள் அந்த நோட்டு போதும்.

இன்னொன்று, இதை யாரும் வகுப்பில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஏனென்றால் இயற்பியல் வாத்தியாரும் வேதியியல் வாத்தியாரும் வேறு வேறு ஆட்கள். இயற்பியலில் கதிரியக்கச் சிதைவு விதியும் வேதியியலில் முதல்வகை வினையின் வேகமும் ஒரே டெரிவேஷன். இரண்டிலும், குறைகிற வேகம் மீதி எவ்வளவு இருக்கிறதோ அதற்கு நேர்த்தகவில் இருக்கிறது. தொகையிட்டால் மடக்கை வருகிறது. பாதியாவதற்கான நேரம் 0.693 வகுத்தல் மாறிலி. அங்கே சிதைவு மாறிலி, இங்கே வினைவேக மாறிலி, பேர்தான் வேறு. முதல்வகை வினை 99.9 சதவீதம் முடிய, பாதி முடிவதைப் போல் சுமார் 10 மடங்கு நேரம் ஆகும் என்று நிறுவு என்ற கணக்கைப் பார்த்திருப்பாய். பாதி, அதில் பாதி என்று பத்து தடவை போனால் 1024-ல் ஒரு பங்கு மிஞ்சும், கிட்டத்தட்ட 0.1 சதவீதம். இதே கணக்கை ஐசோடோப்பு என்று மாற்றிப்போட்டால் இயற்பியல் கேள்வி. ஒரு சாயங்காலத்தில் இரண்டு பாடமும் முடிகிறது, எதற்குத் தனித்தனியாக அவஸ்தைப்பட வேண்டும்?

கணக்கு என்றாலே கை நடுங்குகிறது. விட்டுவிடலாமா?

விட முடியாது. இரண்டு மார்க் பகுதியிலும் மூன்று மார்க் பகுதியிலும் ஒவ்வொரு கட்டாய வினா இருக்கிறது, அது பெரும்பாலும் கணக்காகவோ யோசித்து எழுதுவதாகவோ இருக்கும்.

நான் பேப்பர் திருத்திப் பார்த்தவரை, சூத்திரம் தெரியாமல் போன மார்க்கைவிட அலகில் போன மார்க்தான் அதிகம். சென்டிமீட்டரை மீட்டர் ஆக்குவதில்லை. மைக்ரோவை மறந்துவிடுகிறார்கள். 27 டிகிரி செல்சியஸை 300 கெல்வின் ஆக்காமல் அப்படியே போடுகிறார்கள். 8.314 என்று ஜூலில் போட்டுவிட்டு விடையைக் கிலோ ஜூல் என்று எழுதுகிறார்கள். கொடுத்ததை எல்லாம் இடது பக்கம் அலகு மாற்றி எழுதிவிட்டு, அப்புறம் சூத்திரம், அப்புறம் பிரதியிடல். இந்த வரிசையை மாற்றாதே, விடை தப்பானாலும் படிக்குப் படி மார்க் உண்டு.

இன்னொன்று, கணக்கை வயலில் போட்டுப் பார். நம் ஊர் வயற்காட்டு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை ஏறத்தாழ 440 ஆக இறக்குகிறது. சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1. திறன் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் மின்னோட்டம் 25 மடங்கு ஏறும். மேலே வருகிற கம்பி மெலிசாகவும் கீழே இறங்குகிற கேபிள் தடியாகவும் இருப்பது அதனால்தான், நாளைக்குப் போய்ப் பார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால் 5 பெருக்கல் 746, அதாவது 3,730 வாட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு, உச்சம் சுமார் 325. வாய்க்காலில் நாலடித் தண்ணீர் மேலிருந்து நேராகப் பார்த்தால் மூன்றடியாகத் தெரியும், ஏனென்றால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆழம் தெரியாமல் குதிக்காதே என்று பாட்டி சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

கரிம வேதியியலில் பெயர் வினைகள் மண்டையில் நிற்கவே மாட்டேன் என்கிறதே?

பட்டியலாகப் படித்தால் நிற்காது. ஜோடியாகப் படி, எதிரும் புதிருமாக.

ஆல்டால் குறுக்கமும் கன்னிசரோ வினையும் ஒரு ஜோடி. ஆல்டிஹைடைப் பார்த்ததும் ஒரே கேள்வி: ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டிய கார்பனில் ஹைட்ரஜன், இருக்கிறதா? இருந்தால், நீர்த்த காரத்தில் ஆல்டால். அசிட்டால்டிஹைடு இந்தப் பக்கம். இல்லாவிட்டால், அடர் காரத்தில் கன்னிசரோ. ஒரு மூலக்கூறு ஆல்கஹாலாக ஒடுங்கும், இன்னொன்று அமில உப்பாக ஆக்சிஜனேற்றம் அடையும். ஃபார்மால்டிஹைடும் பென்சால்டிஹைடும் அந்தப் பக்கம். இந்த ஒரு கேள்வியை வைத்து இரண்டு மார்க், மூன்று மார்க், ஒரு மார்க் எல்லாம் கேட்டுவிடலாம்.

அடுத்தது கார்பன் எண்ணிக்கை. ஹாஃப்மன் புரோமமைடு வினையில் அமைடிலிருந்து அமீன் வரும்போது ஒரு கார்பன் குறையும். ஆல்கைல் ஹாலைடோடு சயனைடைச் சேர்த்து ஒடுக்கினால் ஒரு கார்பன் கூடும். ஏறு, இறங்கு என்று இரண்டு அம்புக்குறி. மாற்றங்கள் கேட்கிற கேள்வியில் முதலில் கார்பனை எண்ணு: கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா? பாதிப் பாதை அங்கேயே தெரிந்துவிடும்.

வேறுபடுத்தும் சோதனைகளை நாற்றத்தோடும் நிறத்தோடும் ஞாபகம் வை. கார்பைலமீன் சோதனை முதன்மை அமீனுக்கு மட்டும், குடலைப் பிடுங்கும் நாற்றம். லூகாஸ் சோதனையில் மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் சில நிமிடம் எடுக்கும், ஓரிணையம் சாதாரண வெப்பநிலையில் சும்மா இருக்கும்.

போன வருஷக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம், அமைடு, அமீன் என்று எழுதி நடுவில் அம்புக்குறி போட்டு வினைப்பொருளை எழுது. சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. வாரம் ஒருமுறை வெறும் தாளில் அதைப் பார்க்காமல் திரும்ப வரை.

கனிம வேதியியல்?

அதில் எனக்கே பெரிய பிரியம் கிடையாது, உண்மையைச் சொல்கிறேன். 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை மட்டும் தனியாக எடு: இடைநிலைத் தனிமங்கள் ஏன் நிறமுள்ள அயனிகளைத் தருகின்றன, துத்தநாகம் ஏன் மாறுபடும் ஆக்சிஜனேற்ற நிலைகளைக் காட்டுவதில்லை, இந்த மாதிரி. பெரும்பாலானவற்றுக்கு எலக்ட்ரான் அமைப்பை எழுதினாலே பதில் அதிலேயே இருக்கும். உலோகவியலில் நுரை மிதப்பு முறை சல்ஃபைடு தாதுக்களுக்கு என்பதை மாற்றி எழுதாமல் இருந்தால் சரி.

புறப்பரப்பு வேதியியல் போரடிக்கிறது சார், விட்டுவிடவா?

நீ எதன் மேல் உட்கார்ந்து படிக்கிறாய் என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டாய். ஆற்றுத் தண்ணீரில் வரும் களிமண் துகள்கள் கூழ்மம். அவற்றின் மேல் எதிர் மின்சுமை, அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தே வருகின்றன. கடல் நீரில் சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் இருக்கின்றன. அவை சுமையைச் சரிக்கட்டியதும் துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. திரிதல் என்று பாடத்தில் படிக்கிறாயே, அதுதான். டெல்டாக்கள் உருவாவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது பாட்டி குடத்தில் படிகாரத்தைச் சுற்றுவதும் அதே திரிதல். படிகாரத்தில் அலுமினியம் அயனி, மூன்று நேர்மின்சுமை. சுமை கூடக்கூடத் திரிய வைக்கும் திறன் கூடும் என்பது ஹார்டி ஷூல்ஸ் விதி. உப்பை விடப் படிகாரம் ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டால் இந்த விதியை எழுது.

ஒரு மார்க் கேள்விகளுக்கு?

பதினைந்து மார்க். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது, உள்ளிருந்தும் வரும். விடையை மட்டும் படிக்காமல் மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று சொல்லிப்பார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் இதற்குத்தான், டெரிவேஷன் எல்லாம் பஸ்ஸில் ஏறாது.

எனக்கு பாஸ் ஆனால் போதும் அண்ணா.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எழுத்துத் தேர்வு 70 மார்க், அதில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். செய்முறை 20, அகமதிப்பீடு 10, எல்லாம் சேர்த்து 35 வர வேண்டும். செய்முறைக்கு ஒழுங்காகப் போய், ரெக்கார்டு நோட்டை முடித்து வைத்திருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். அப்புறம் ஐந்து மார்க் கேள்விகள் ஐந்திலும் 'அல்லது' உண்டு. பத்து பெரிய விடைகளைப் படத்தோடு, பார்க்காமல் எழுதும் அளவுக்குப் பழகு, கூடவே பின்பக்க ஒரு மார்க். முப்பது விடைகளை அரைகுறையாகப் படிக்காதே. வகுப்பில் கொடுக்கும் குறைந்தபட்சப் பாடக்குறிப்பு நல்லதுதான், அதையும் மூடிவைத்து எழுதினால்தான்.

நீட்டும் எழுதப்போகிறேன். இரண்டுக்கும் எப்படி?

பொதுத்தேர்வு முடியும்வரை எழுதிப் பழகுவதை விடாதே. நீட்டில் இயற்பியல் 45, வேதியியல் 45 கேள்விகள், தப்புக்கு ஒரு மார்க் கழியும், அங்கே வேகம்தான் எல்லாம். இங்கே படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும். தினம் முப்பது கொள்குறிக் கேள்விகள், அன்றைக்கு ரிவிஷன் செய்த அதே பாடத்திலிருந்து போடு. வேறு பாடத்துக்கு ஓடாதே.

எங்கள் பையன் ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறான், மார்க் மட்டும் வரவில்லை. என்ன செய்யலாம் தம்பி? (ஓர் அம்மா)

அம்மா, முதலில் அவனைத் தூங்க விடுங்கள். படித்தது மண்டையில் ஊன்றுவது தூக்கத்தில்தான். பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் போதும். அப்புறம் ஒரு உதவி: சமையல் நடக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் "புரியவில்லையே, இன்னொரு தடவை சொல்" என்று கேளுங்கள். நீங்கள் அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. அவன் எங்கே தடுமாறுகிறானோ அந்த இடம் அவனுக்கே தெரிந்துவிடும். அறுப்பு நேரத்தில் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அவனை அலைய விடாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, முடியாத வீடுகளும் உண்டு, தெரியும்.

பழைய கேள்வித்தாள் எத்தனை எழுத வேண்டும்?

இயற்பியலுக்கு மூன்று, வேதியியலுக்கு மூன்று, முழுசாக மூன்று மணி நேரம், நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாமல். பார்த்துப் பார்த்து எழுதிய இருபது தாளை விட அது மேல். ஐந்து மார்க் விடைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிற பழக்கம் இங்கேதான் வரும்.

முதல்நாள் என்ன படிப்பது?

புதிதாக எதுவும் வேண்டாம். திருப்பம் எழுதிய நோட்டு, சிவப்புப் பேனா வரிகள், வினை வரைபடம் ஒருமுறை வரைந்து பார்ப்பது, அலகுகளும் மாறிலிகளும். சாயங்காலம் கொஞ்சம் நட. ஹாலில் வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் கட்டாய வினா இரண்டையும் முதலில் பார்த்துவிடு, மற்றதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசு ஒரு ஓரத்தில் அதை அசைபோடும்.

இயற்பியல் எழுதிவிட்டு வந்ததும் விடைகளைச் சரிபார்க்கலாமா?

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், நீ செய்யாதே. யாரோ ஒருவன் தப்பான விடையை அடித்துச் சொல்லுவான், நீ சரியாக எழுதியதையே தப்போ என்று நினைத்து அடுத்த தேர்வுக்கு இருக்கிற நாட்களையும் கெடுத்துக்கொள்வாய். கேள்வித்தாளைப் பையின் அடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ, சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடு. சாயங்காலம் வேண்டுமானால் திண்ணைக்கு வா, அன்றைக்கு விளக்கு எரியும், கேள்வி எதுவும் கேட்க மாட்டேன்.